சீர்பொருந்தப்பண்ணும் கரங்கள்



இந்த வாரத் தியானத்திற்குரிய வேதபகுதி கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் 1-ஆம் வசனம். சகோதரன் ஒருவன் தவறி விழும்போது சபை என்ன செய்யவேண்டும் என்பதைப் பவுல் அப்போஸ்தலன் அங்கே எழுதுகிறார். அவனைத் தள்ளிவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவன் தானாகத் திருந்தி வரட்டும் என்று காத்திருக்கவும் சொல்லவில்லை. சாந்தத்தோடு அவனைச் சீர்பொருந்தப்பண்ணவேண்டும் என்பதே அவருடைய கட்டளை.

இதற்காக அவர் கையாளும் கிரேக்கச் சொல் ‘கடார்டிட்ஸோ’ என்பதாகும். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் தங்கள் தகப்பனாகிய செபெதேயுவோடு படவிலே அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்தார்கள் அல்லவா? அங்கே வருவதும் இதே சொல்தான். இடம் விலகிய மூட்டை மறுபடியும் பொருத்துவதற்கும் பழைய கிரேக்க மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே இது மேடையில் நின்று செய்யும் வேலையன்று. அருகே அமர்ந்து கைகளினால் செய்யும் வேலை. மேலும், வலை மீனவனுடைய கவனக்குறைவினால் மட்டும் கிழிவதில்லை. பாறையில் சிக்கியும் கிழியும். தவறி விழுந்தவனுக்கு மாத்திரமல்ல, பிறர் கையால் காயப்பட்டு விலகிப்போனவனுக்கும் இந்த ஊழியம் உரியது.

இச்சொல்லின் பொருள் கடந்த சில மாதங்களாக நம்முடைய குருமனையின் பின்புறத் தகரக் கொட்டகையில் எனக்கு விளங்கிவந்தது. என் தகப்பனார் சேகர குருவாக ஊழியம் செய்த நாட்களில் பயன்படுத்திய புல்லட் மோட்டார் சைக்கிள் அங்கே நிற்பதைச் சிலர் அறிவீர்கள். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனத்தோடு 1955-ஆம் ஆண்டு சென்னையில் கூட்டு ஏற்பட்டு, பின்பு திருவொற்றியூர் ஆலையில் உருவான வண்டிகளுள் அதுவும் ஒன்று. ஒற்றைச் சிலிண்டர், 346 சிசி. தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் 17 ஆண்டுகள் அது அசையவில்லை. அதை மீண்டும் ஓடவைக்க விரும்பியபோது, நம் ஊரிலுள்ள ஒரு மெக்கானிக் அண்ணாச்சி மாலைதோறும் வந்து உதவினார். அவரைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். எழுதுவதற்கு அவருடைய அனுமதியும் உண்டு.

வண்டியைப் பார்த்தவுடன் அவர் சொன்னார்: “ஓடுற வண்டி கெடாதுய்யா, நிக்கிற வண்டிதான் கெடும்.” பிஸ்டன் சிலிண்டரோடு துருவினால் பிடித்துக்கொண்டு எஞ்சின் இறுகியிருந்தது. உதவிக்கு வந்த வாலிபத் தம்பி ஒருவர் கிக்கரின்மேல் முழுப்பலத்தோடு ஏறி மிதிக்க முற்பட்டார். அண்ணாச்சி அவரைத் தடுத்து, அப்படி மிதித்தால் பிஸ்டன் வளையம் உடையும், கிக்கரின் பல் முறியும், துரு மட்டும் போகாது என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிறிது ஊற்றினார். மறுநாள் மாலையும் ஊற்றினார். அதற்கடுத்த நாளும் ஊற்றினார். ஒரு வாரம் கழிந்தபின் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையினால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். ஒன்பதாம் நாள் சக்கரத்தோடு பிஸ்டனும் ஒரு நூலளவு அசைந்தது. அன்றைக்கு அதுவே போதும் என்று சொல்லிக் கைகளைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

பிரியமானவர்களே, பவுல் சாந்தத்தை வற்புறுத்துவதன் காரணம் இதுதான். இறுகிப்போன இருதயத்தைக் கூட்டம் கூட்டி மிதிக்கிறோம். கேள்விமேல் கேள்வி கேட்கிறோம். அது அசையாதபோது, “அவர் மனம் கல்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறோம். எண்ணெய் ஊற்றிக் காத்திருக்க நமக்குப் பொறுமையில்லை. ஒருமுறை சந்தித்து ஜெபித்துவிட்டு வந்தால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஒன்பது மாலைகள் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இரண்டாவது பாடத்தைப் பெட்ரோல் டாங்கு கற்றுக்கொடுத்தது. பழைய பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின்போல் படிந்திருந்தது. வெற்றிடத்தில் தங்கிய ஈரக்காற்று உட்புறத்தைத் துருவேற்றியிருந்தது. உள்ளே வினிகரும் ஒரு பிடி சிறு நட்டுகளும் இட்டுக் குலுக்கி, இரண்டு நாட்கள் ஊறவைத்து, சோடா மாவு கரைத்த தண்ணீரால் கழுவினோம். விளக்கு வெளிச்சத்தில் உட்புறம் வெள்ளிபோல் பளபளத்தது. வேலை முடிந்தது என்று நான் மகிழ்ந்தேன். அண்ணாச்சியோ அவசரமாய் அதை உலர்த்தி, ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டினார். துரு நீக்கிய வெற்று இரும்பை அப்படியே விட்டுவைத்தால் சில மணி நேரத்துக்குள்ளாகவே புதிய துரு மஞ்சளாய்ப் பூத்துவிடுமாம்.

அவர் அதைச் சொன்னபோது லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன வீட்டை நினைத்தேன். அந்த வீடு பெருக்கப்பட்டது, ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆனாலும் அதில் குடியிருக்க ஒருவரும் இல்லை. ஆகையால் அதன் பின்னிலைமை முன்னிலைமையிலும் கேடாயிற்று. திரும்பிவருகிற ஒருவரைச் சபை இப்படியே நடத்துவதுண்டு. மனந்திரும்பச் செய்கிறோம், சாட்சி சொல்ல வைக்கிறோம், பின்பு வெறுமையாக விட்டுவிடுகிறோம். அவருக்கு ஒரு பொறுப்பு கிடையாது. ஆராதனை முடிந்தபின் அவரோடு நின்று பேச ஆள் கிடையாது. ஆறு மாதங்களில் அவர் மறுபடியும் விலகினால், “அவர் குணம் அப்படி” என்கிறோம்.

ஆண்டவர் பேதுருவைச் சீர்பொருந்தப்பண்ணினது எப்படி? யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. முதலாவது, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த பிரதான ஆசாரியனுடைய முற்றம். இரண்டாவது, உயிர்த்தெழுந்த ஆண்டவர் அப்பமும் மீனும் ஆயத்தம்பண்ணி வைத்திருந்த திபேரியாக் கடற்கரை. விழுந்த இடத்தின் அதே வாசனையருகே அவனை அழைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். அதற்குப் பின்பே பேசினார். மூன்று மறுதலிப்புகளுக்கு மூன்று கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு மந்தையைப் பராமரிக்கும் பொறுப்பையும் கொடுத்தார். கழுவப்பட்ட பாத்திரத்தை அவர் வெறுமையாய் வைக்கவில்லை.

இப்பொழுது அந்த அண்ணாச்சியைப் பற்றி. நான் இந்தச் சேகரத்திற்கு வருவதற்கு முன்பு அவர் நம் ஆலயத்தின் பாடகர் குழுவில் இருந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டிகைக் கணக்கு குறித்து எழுந்த சர்ச்சையில் சபைக் கூட்டத்திலே அவர்மேல் குற்றம் சுமத்தப்பட்டது. சில வாரங்கள் கழித்து, விடுபட்டிருந்த ரசீதுகள் கிடைத்துக் கணக்கு சரியாயிற்று. பதிவேட்டில் அது திருத்தி எழுதப்பட்டது. ஆனால் அவர் வீட்டிற்குச் சென்று, “அண்ணாச்சி, உங்கள்மேல் தவறில்லை” என்று சொன்னவர் ஒருவருமில்லை. அன்றுமுதல் அவர் ஆலய வாசலை மிதிக்கவில்லை.

இதை அவர் எனக்குச் சொன்னது வண்டி முதன்முறை உயிர்பெற்ற நாளில். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியைச் சற்றுத் தாண்டி நிறுத்தி, ஒரே மிதியில் எழுப்பினார். அந்த ஓசையைக் கேட்டு என் தாயார் கண்ணீரோடு வெளியே வந்தார்கள். அப்பொழுது அண்ணாச்சி, துணியில் கைகளைத் துடைத்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னார்: “இத்தனை நாளா இந்த வண்டிய இப்படிப் போட்டது யாருன்னு நாம ஒரு நாளும் பேசலய்யா. எப்படி எடுக்கிறதுன்னு மட்டுந்தான் பேசுனோம். மனுசனுக்கும் அப்படி யாராவது பேசியிருந்தா நல்லாருந்திருக்கும்.”

நான் அவரை அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அழைத்தேன். “பாப்போம்யா” என்றார். இன்றுவரை வரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. ஒரு போதகர் மட்டும் அழைத்துத் தீரும் காரியமன்று இது. அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலர் இதை வாசிக்கிறீர்கள். உங்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. வேலை இன்னும் மீந்திருக்கிறது என்று சொல்லவே எழுதுகிறேன். அவருடைய வீடு தூரத்தில் இல்லை. அங்கே போகிறவர்கள் கணக்கைப் பற்றி விளக்கம் கொடுக்கவேண்டாம். ஒரு மன்னிப்புச் சொல்லும், திண்ணையில் அமர்ந்து குடிக்கும் ஒரு குவளை காபியும் போதும். முதல் நாளிலேயே எதையும் எதிர்பார்க்கவேண்டாம். அடுத்த வாரமும் போங்கள். அவர் வரும் நாளில், பாடகர் குழுவில் அவருடைய இடம் அவருக்காகக் காத்திருக்கட்டும்.

உங்கள் ஒவ்வொருவருடைய நினைவிலும் இப்படி ஒரு பெயர் இருக்கும். அது உடன்பிறந்தவராயிருக்கலாம், பேச்சு நின்றுபோன அயலாராயிருக்கலாம், ஆலயத்தின் பின்வரிசையிலிருந்து ஒருநாள் காணாமற்போனவராயிருக்கலாம். இந்த வாரத்தில் அந்தப் பெயரை ஜெபத்திலே ஏறெடுங்கள். ஜெபித்தபின் எழுந்து போங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பரம பிதாவே, நெரிந்த எங்களை நீர் முறித்துப்போடாமல் பொறுமையோடே சீர்ப்படுத்தினீர். எங்கள் அவசரத்தை எடுத்துப்போட்டு, உம்முடைய குமாரனின் சாந்தத்தை எங்கள் கரங்களுக்குத் தாரும். நாங்கள் காயப்படுத்தினவர்களிடத்தில் நாங்களே முந்திச் செல்லக் கிருபை செய்யும். திரும்பி வருகிறவர்களை உமது ஆவியினாலும் எங்கள் ஐக்கியத்தினாலும் நிரப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.