ஊரை வரையட்டும் பிள்ளைகள்

எங்கள் பக்கத்தில் விளைகிற எதுவும் எங்கள் பக்கத்தில் தங்குவதில்லை. வருசநாட்டு மலையில் பிறக்கிற மூல வைகை மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று இறங்கி அணையில் சேர்ந்து, அங்கிருந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போய்விடுகிறது. பங்குனி வெயிலில் வெடிக்கிற இலவம் பஞ்சு லாரி ஏறிப் போடிக்குப் போகிறது. தேங்காயும் கொட்டைமுந்திரியும் வியாபாரி வண்டியில் போகின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பவும் பஸ் ஏறுகிறார்கள்.

பிழைப்பைத் தேடிப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் தலைமுறையிலும் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். ஆனால் எழுபதைத் தாண்டிய இந்த வயதில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும்போது, இப்போதைய பிள்ளைகளின் பேச்சில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. "இங்கயே ஒரு மெத்தைக் கம்பெனி வந்தா?" "ஆத்துல வருஷம் பூரா தண்ணி கிடந்தா?" "ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்து கிடக்கிற படிப்பகம் ஒண்ணு இருந்தா?" இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கிறது. பெரியவர்கள் நாம் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போகிறோம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கற்பனைக்கு இந்த மாவட்டத்தில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அல்லிநகரத்தில் பிறந்து, சுகாதாரத் துறையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் சினிமாக் கனவோடு சென்னைக்குப் போனார். பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள் ஆர்மோனியத்தோடு போனார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது, 1977இல் '16 வயதினிலே' வந்தது. ஸ்டூடியோ செட்டுக்குள் கிடந்த தமிழ் சினிமாவைப் பாரதிராஜாவும் இளையராஜாவும் புழுதிக்கும் வெயிலுக்கும் கூட்டி வந்தார்கள். நம் பேச்சும் நம் தாலாட்டும் நம் ஒப்பாரியும் ஊர் உலகத்துக்குத் தெரிந்தன. பெருமைதான். ஆனால் அந்தக் கற்பனை பலிக்க அவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. சினிமாவுக்கு வேறு வழி இல்லை. பஞ்சும் ஆறும் படிப்பகமும் அப்படியா? ஊரைப் பற்றிய கற்பனை ஊருக்குள் பலிக்காவிட்டால் வேறு எங்கே பலிக்கும்?

இதுவரை எங்கள் ஊர்களின் வருங்காலத்தை வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியே இருந்தவர்கள். 1959இல் திறந்த வைகை அணை கீழ்நாட்டு வயல்களுக்கு வாழ்வு கொடுத்தது. அதன் நீர்ப்பரப்புக்குள் போன ஊர்களின் ஜனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேடு தேடிப் போனார்கள். அந்த மண்ணில் வளர்ந்த வைரமுத்து அந்தக் கதையைத்தான் பின்னாளில் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று நாவலாக எழுதினார். அதற்கு 2003ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காடு இருந்தால்தான் வைகையில் தண்ணீர் என்பதை மலையடிவாரத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும், மலைக்குள் தலைமுறையாகக் குடியிருக்கிற குடும்பங்களுக்கு அந்த அறிவிப்பு தூக்கத்தைக் கெடுத்தது. அணையும் வேண்டும், காடும் வேண்டும். நாளைக்கு இங்கே வாழப் போகிற பிள்ளைகள் இழுத்த கோடு ஒன்றாவது அந்த வரைபடங்களில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவர்கள் கோடு எப்படி இருக்கும்? காய் உடைக்கிற காலத்தில் எங்கள் பக்கத்துக் களங்களுக்கு வந்து பார்க்க வேண்டும். காய்ந்த இலவங்காய்களைக் குவித்துப் போட்டிருப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓட்டை உடைத்துப் பஞ்சை உருவுவார்கள். முக்காடு போட்டு, மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். இமை மயிரில்கூட வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஒரு காற்று அடித்தால் களமே எழுந்து பறக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோற்றுக்கு முன்னால் இருமல் வரும்.

அப்படி ஒரு களத்தில் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "பஞ்சு இங்க, உருவுற கையும் இங்க. தலகாணி மட்டும் ஏன் தாத்தா வெளியூர்ல இருந்து வருது? நாமளே தைச்சா எங்க அம்மாவுக்கு வருஷம் பூரா வேலை இருக்கும்ல?" ஒரு நோட்டில் படமே போட்டு வைத்திருந்தாள். காய் உடைக்கிற கொட்டகை ஒரு பக்கம், அதில் தூசியை வெளியே இழுக்கிற விசிறி. அடுத்த பக்கம் தையல் மிஷின்கள். கடைசியில், விதையை ஆட்டி எண்ணெய் எடுக்க ஒரு செக்கு.

இலவம் பஞ்சின் இழை உள்ளே வெறும் கூடு, அதனால்தான் அத்தனை லேசு. தண்ணீரில் நனையாது, எண்ணெயை உறிஞ்சும். செயற்கைப் பொருள்கள் வருவதற்கு முன்னால் கப்பல்களில் போட்டுக்கொள்கிற மிதவைச் சட்டைகளுக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். கடலில் கொட்டிய எண்ணெயை எடுக்க இது பயன்படுமா என்று ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. அந்தப் பெண் இதையெல்லாம் செல்போனில் படித்து வைத்திருந்தாள். மரத்தைக் குத்தகைக்கு விட்டோமா, முன்பணம் வாங்கினோமா என்பதோடு முடிகிறது வீட்டுப் பெரியவர்களின் பஞ்சுக் கணக்கு.

அவள் திட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. நுரை மெத்தையோடு விலையில் போட்டி போட முடியுமா? சீசனில் பஞ்சை மொத்தமாக வாங்கி வைக்கப் பணம் எங்கே? மழையில் நனையாமல் வைக்க இடம் எங்கே? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஓட்டையைக் காட்டுவது பெரியவர் வேலையில் பாதி. அதை அடைக்க வழி சொல்வது மீதிப் பாதி. எந்த வியாபாரி நேர்மையாக விலை சொல்வார், வங்கியில் எந்தக் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், மகளிர் குழுவில் தீர்மானம் எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் செல்போனில் கிடைக்காது, நம்மிடம்தான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பது, நாற்றங்காலைப் பார்த்துக் கதிர் எங்கே என்று கேட்கிற கதை.

செய்து காட்டியவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. பேராவூரணிப் பக்கத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. துபாயில் மென்பொருள் வேலையில் இருந்த நிமல் ராகவன் ஊருக்கு வந்தார். அவரோடு சேர்ந்து நிவாரணப் பொட்டலம் கொடுத்து முடித்த இளைஞர்களின் யோசனை, அடுத்த புயலைவிட அடுத்த கோடையைப் பற்றிப் போயிற்று. காவிரியின் கடைமடை அது. தண்ணீர் கடைசியாக வருகிற இடம், சில வருஷம் வராமலே போகிற இடம். 'கைஃபா' என்று ஒரு சங்கம் ஆரம்பித்து, 2019இல் 564 ஏக்கர் பேராவூரணிப் பெரிய ஏரியைத் தூர்வார இறங்கினார்கள். அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் ஊர் ஜனங்களிடம் பணம் திரட்டி மண்வெட்டி இயந்திரத்தை இறக்கினார்கள். பிறகு வேறு ஊர் ஏரி குளங்களுக்கும் அந்த வேலை பரவியது. இளைஞர்கள் திட்டம் போட்டார்கள். எங்கே மடை இருந்தது, எந்த வாய்க்கால் எப்போது மூடியது என்று அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் ஏரி நிறையும்.

இன்னும் பக்கத்தில் ஒரு பாடம் உண்டு. நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து 'ஆசாதிசாட்' என்ற சின்னச் செயற்கைக்கோளுக்கான பாகங்களைச் செய்தார்கள். மதுரைக்குத் தெற்கே இருக்கிற திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. அது இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ரகத்தில் முதல் ராக்கெட். சுற்றுப்பாதை தவறியதால் செயற்கைக்கோள் பயன்படாமல் போனது. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, 'ஆசாதிசாட்-2' போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இஸ்ரோவுக்கே ஒரு தடவை தவறலாம், இரண்டாம் தடவை உண்டு. நம் தெருப் பையன் போட்ட காளான் கொட்டகை ஒரு தடவை நஷ்டமானால் மட்டும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுகிறோம். அதற்கப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

வயது போதாது என்பவர்களுக்குக் கர்நாடகத்தைச் சொல்வேன். 1990களின் நடுவில், அங்கே வேலைக்குப் போன பிள்ளைகளின் 'பீமா சங்கா' என்ற அமைப்பு சில ஊராட்சிகளில் குழந்தைகள் பஞ்சாயத்தைத் தொடங்கியது. பிள்ளைகளே தெருத் தெருவாகக் கணக்கெடுத்து, படம் வரைந்து, மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட வழி இல்லை என்பது போன்ற குறைகளை ஊராட்சியின் முன் வைத்தார்கள். பின்னாளில் அந்த மாநில அரசே, வருஷத்துக்கு ஒரு தடவை குழந்தைகள் கிராம சபை நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஓடையில் இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறவனுக்குத்தான் பாலம் எங்கே வர வேண்டும் என்று தெரியும்.

இனி, பிள்ளைகளுக்கும் ரெண்டு வார்த்தை. ஊரை வரையும்போது உங்கள் தெருவோடு நிறுத்திவிடாதீர்கள். காலனி விடுபட்டுப்போன படத்தை ஊர்ப் படம் என்று சொல்ல முடியாது. திருவள்ளூர் பக்கம் குத்தம்பாக்கத்தில், விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரானார். தலித் குடும்பமும் மற்றச் சாதிக் குடும்பமும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிற மாதிரி இரட்டை வீடுகள் கட்டினார். செங்கல்லும் சிமெண்டும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அந்தச் சுவரை யோசிக்கத்தான் துணிச்சல் வேண்டும். எங்கள் தலைமுறைக்கு அந்தத் துணிச்சல் போதவில்லை. உங்களுக்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

இன்னொன்று, அளந்து பேசுங்கள். ஆற்றில் தண்ணீர் வேண்டும் என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எத்தனை உறைகிணறு இருக்கிறது, எந்த மாதம் எது வற்றுகிறது, சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது, மணல் எங்கே குழியாகிக் கிடக்கிறது என்று கரையோரமாக நடந்து குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். அப்போது எந்த அதிகாரியும் உங்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. டீக்கடையில் நாங்களும் சிரிக்க மாட்டோம்.

இதையெல்லாம் சொல்ல இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் அதில் உறுப்பினர். 18 வயதுப் பெண்ணுக்கும் எனக்கும் அங்கே ஒரே மரியாதை. ஊராட்சியின் வருடாந்திர வளர்ச்சித் திட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த ஒன்பது தலைப்புகளில் 'குழந்தைகளுக்கு உகந்த கிராமம்', 'நீர்வளம் மிக்க கிராமம்' என்பவையும் இருக்கின்றன. ஆனால் கிராம சபைப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து, யார் பெயரை முதலில் சொன்னார்கள், யாருக்குத் துண்டு போட்டார்கள் என்று சண்டை பிடிக்கவே நமக்கு நேரம் சரியாக இருக்கிறது. ஓட்டு வயது வராத பிள்ளைகளின் கோரிக்கையைக் கேட்டு எழுதி, நம் பெயரில் அங்கே வைப்பதற்கு ஒரு பெரியவர் போதும்.

அடுத்த கிராம சபைக்கு நோட்டோடு உங்கள் வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மைக் கைக்கு வந்ததும் முதலில் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நமக்குச் சொல்ல ஏதாவது மிச்சம் இருந்தால், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.