இரண்டு குவியல்

கண்டியில், கொழும்பு வீதியை ஒட்டிய சந்தில் ஒரு புத்தகக் கடை. போட்டோ கொப்பிக்கு நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு டீச்சர். தோளில் துணிப்பை. எடுக்கும் சாமான்களைக் கண்ணாடி மேசையில் இரண்டு குவியலாக வைத்துக்கொண்டே வருகிறார்.

கடைக்கார நானா இந்தியாவில் அச்சான வண்ணச் சார்ட் ஒன்றை விரிக்கிறார். "ரெடிமேட் இரிக்கி டீச்சர். லெமினேட் பண்ணினது, கிழியாது."

காசுக் கணக்குச் சார்ட். நோட்டெல்லாம் காந்தி. டீச்சர் அதைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கிறார். பழங்களின் சார்ட்டில் ஆப்பிள் இருக்கிறது, மாதுளை இருக்கிறது. கொய்யாவைத் தேடுகிறார், காணோம். அதுவும் திரும்பிப் போகிறது. எண்ணிப் பழகும் பிளாஸ்டிக் மணிப் பெட்டியை நானா எடுக்கிறார்.

"வேணாம் நானா. எங்க பிள்ளைங்க தேயிலைக் கொட்டை பொறுக்கிட்டு வருவாங்க. அதைப் பத்துப் பத்தாக் குவிச்சு எண்ணுவோம்."

"எந்தப் பக்கம் டீச்சர்?"

"தெல்தோட்டைக்கு மேல, லூல்கந்துரப் பக்கம்."

1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த மலை. இலங்கையின் தேயிலைத் தொழில் பிறந்த இடம். அங்கே ஒரு பிள்ளைக்கு எண்ணிக்கை தேயிலைக் கொட்டையில் தொடங்குவதைவிடப் பொருத்தமான வேறொன்றை எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

துணிப்பையிலிருந்து விலை அச்சிட்ட சவர்க்கார உறைகளும் பிஸ்கட் உறைகளும் வெளியே வருகின்றன. வகுப்பில் கடை வைத்துக் காசு கொடுத்து வாங்கிப் பழக. அவற்றை அடுக்க ஒரு பைல் வாங்குகிறார். பிறகு கையால் எழுதிய ஒரு தாளை நீட்டுகிறார். எட்டிப் பார்க்கிறேன்: அம்மா காலையில் 7 கிலோ கொழுந்து எடுத்தார், பின்னேரம் 9 கிலோ எடுத்தார், மொத்தம் எத்தனை?

செலவு குறையட்டும் என்று நானா ஒரே பக்கத்தில் இரண்டு விழும்படி சிறிதாக்கி அடிக்கிறார். டீச்சர் தாளைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்க்கிறார்.

"எழுத்து பொடிசாப் போச்சு நானா. தரம் ரெண்டுப் பிள்ளைங்க. ஒரு தாளுக்கு ஒண்ணே போடுங்க."

செலவு இரட்டிக்கிறது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அப்போது ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பர்ஸைத் திறக்கிறார், எண்ணுகிறார், மூடுகிறார். "போடுங்க நானா."

பிறிஸ்டல் போர்ட், டிமை தாள், கம், பிளாட்டினம் பேனை: இவை முதல் குவியல். "இதுக்குப் பாடசாலைப் பேர்ல பில்." கொப்பிகளும் பைலும் இரண்டாவது. "இதுக்கு பில் வேணாம்."

1980 முதல் இந்த நாட்டில் பாடநூல் இலவசம். கற்பித்தல் சாமான்கள் வாங்க 'தர உள்ளீடு' என்ற பணமும் பாடசாலைக்கு வருகிறது. அது முதல் குவியலோடு தீர்ந்துவிடும் போல. பாடநூலைத் தோட்டத்துப் பிள்ளைக்குப் புரியவைப்பது அந்த இரண்டாவது குவியல்தான். அது ஓர் ஆசிரியையின் சம்பளத்திலிருந்து போகக் கூடாது.

நானா மேசைக்கு அடியில் குனிகிறார். "பழைய கலண்டர் ரெண்டு இரிக்கி டீச்சர். பின்பக்கம் வெள்ளை, எழுதலாம். காசு வேணாம்."

டீச்சர் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை, முன்பக்கத்தைப் புரட்டுகிறார். "இலக்கம் நல்லாப் பெரிசா இருக்கு நானா. வெட்டி எண் அட்டை செய்யலாம். இன்னும் கிடைச்சா அடுத்த கிழமைக்கு எடுத்து வைங்க."