கொட்டகைக்குப் போன தொலைபேசிக் கம்பி

2002ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவைக்கென்று வழக்கமாகத் திறக்கும் நாள் அது. தஞ்சைத் தரணியில் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருந்தவர்களே அவ்வாண்டு நாற்றங்காலைப் பற்றி நினைக்க முடிந்தது. பாபநாசத்திற்கு அருகே எங்கள் அத்தாவும் அவர்களில் ஒருவர். ஆனால் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது ஒரு வாரம் பகலில் வரும். மறு வாரம் நள்ளிரவில் வரும். அறுபத்தெட்டு வயதில், டார்ச் விளக்கும் தடியுமாக வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார்கள். ஓர் இரவு வரப்பு சரிந்து வாய்க்காலில் விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்தது. சென்னையில் வேலையிலிருந்த எனக்கு மறுநாள் மாலைதான் செய்தி வந்தது. "உனக்கு ஏன் வீண் கவலைன்னுதான் சொல்லலே, தம்பி" என்றார்கள் அம்மா.

மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஆகவே என் மனம் உடனே ஒரு கருவியைத்தான் நாடியது. எங்கள் பக்கம் அப்போது கைப்பேசி எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் தொலைபேசி இருந்தது. அதிலிருந்து கொட்டகை வரை ஒரு கம்பியை இழுத்து, அங்கே ஒரு மோடத்தையும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு சிறு கணினிப் பலகையையும் வைத்துவிட்டால், மின்சாரம் வந்ததும் அது சென்னையில் என்னை அழைக்கும், நான் என் கணினியில் ஒரு விசையைத் தட்டினால் மோட்டார் ஓடும், அத்தா உறங்கலாம். தானாகவே ஓடும்படி செய்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மின்சாரம் வந்த நொடியில் ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒருங்கே கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரின் காயில் கருகிவிடும். ஒரு மனிதன் பார்த்துச் சொல்லட்டும் என்று எண்ணினேன்.

பலகையின் மூளை 89சி51 என்னும் ஒரு சில்லு. 1980இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 குடும்பத்தைச் சேர்ந்தது. நிரலுக்கு நான்கு கிலோபைட் இடம். நினைவில் வைத்துக்கொள்ள வெறும் 128 பைட். இது போதும். தொல்லை அதற்கும் மோடத்திற்கும் இடையில்தான் தொடங்கியது. சில்லு பேசும் மொழியில் ஒன்று என்றால் 5 வோல்ட், சுழி என்றால் பூச்சியம் வோல்ட். மோடமோ ஆர்.எஸ்.232 என்னும் 1960களின் ஏற்பாட்டில் வளர்ந்தது. அதற்கு ஒன்று என்றால் எதிர்மறை வோல்ட், சுழி என்றால் நேர்மறை வோல்ட். பத்துப் பன்னிரண்டு வோல்ட் வரை போகும். இதை அறிந்திருந்தும் அவசரத்தில் நேரடியாக இணைத்து ஒரு சில்லைக் கருக்கினேன். பிறகுதான் நடுவே மேக்ஸ் 232 என்னும் மொழிபெயர்ப்பாளரை வைத்தேன்.

அதன் பின்னும் திரையில் வந்தவை எல்லாம் குப்பை எழுத்துகளே. இரண்டு வாரம் நிரலைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். குற்றம் கிரிஸ்டலில் இருந்தது. கையில் கிடைத்தது என்று 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பொருத்தியிருந்தேன். அதைக் கொண்டு இந்தச் சில்லினால் 9600 வேகத்தைச் சரியாக அமைக்க இயலாது. ஏறக்குறைய ஏழு விழுக்காடு பிந்திவிடும். பத்து பிட் கொண்ட ஓர் எழுத்தின் வால் பகுதிக்கு வரும்போது கேட்பவன் வேறு எங்கோ நிற்பான். ரிச்சி தெருவில் 11.0592 என்று பொறித்த கிரிஸ்டலை வாங்கிப் பொருத்தினேன். அந்த விசித்திரமான எண் இந்த வேகத்திற்குச் சரியாக வகுபடும் என்பதற்காகவே பிறந்தது. முதல் முயற்சியிலேயே மோடம் 'ஓகே' என்றது. அந்த இரண்டெழுத்தைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி என் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தேன். பழைய டிராக்டர் பேட்டரி ஒன்று மின்சாரம் தந்தது. பலகை எண்ணைச் சுழற்றச் சொன்னது. மோடமோ 'டயல் டோன் இல்லை' என்று மறுத்துவிட்டது. ரிசீவரைக் காதில் வைத்தால் டோன் தெளிவாகக் கேட்கிறது! அமெரிக்கத் தொலைபேசியின் டோன் 350, 440 என்னும் இரு அதிர்வெண்கள் இடைவிடாமல் சேர்ந்து ஒலிப்பது. நம் நாட்டு டோன் 400ஐ 25ஆல் அலைக்கழிப்பது. பூனை உறுமுவது போலிருக்கும். வெளிநாட்டு மோடத்திற்கு இது டோனாகவே தெரியவில்லை. டோனுக்காகக் காத்திராமல் சுழற்று என்று சொல்ல 'எக்ஸ் 3' என்று ஒரு கட்டளை உண்டு. அதைச் சேர்த்ததும் அழைப்பு சென்னைக்குப் போயிற்று.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ என் கணினி விழிக்கும். மூன்று முனையும் உண்டு, கிணற்றில் நீர் உண்டு என்று காட்டும். நான் விசையைத் தட்டுவேன். அத்தா நிம்மதியாக உறங்குகிறார்கள் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாதான் சொன்னார்கள்: "எங்கே தூங்குறாங்க? மணி கிணுங்குனதும் எழுந்து போயிடுறாங்க."

எங்கள் ஊர் இணைப்பில் பல்ஸ் முறையில் சுழற்றுவதே தவறாமல் வேலை செய்தது. ஏழு என்றால் இணைப்பை ஏழு முறை வெட்டி வெட்டிச் சேர்ப்பது. அதே கம்பியில் இன்னொரு தொலைபேசி இருந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் மணி இலேசாகக் கிணுங்கும். கூடத்திலிருந்த பழைய தொலைபேசி இரவுதோறும் அப்படிக் கிணுங்கியது. அத்தாவை எழவிடாமல் செய்ய நான் வைத்த கருவி, மின்சாரம் வந்துவிட்டது என்று அவர்களை எழுப்பிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "மோட்டாரை நான்தான் போடுகிறேனே, நீங்கள் ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தா சொன்னார்கள்: "நீ மோட்டாரைத்தான் போடுறே, தம்பி. மடையை யார் திருப்புறது? மேல வயல் ரொம்பிப் போயி வரப்பை உடைச்சுக்கிட்டு அடுத்தவன் நாத்தங்கால்ல பாயும். கீழ வயல் காஞ்சு கிடக்கும்."

நான் பதினைந்து ஆண்டுகளாக அந்த வயலில் இறங்கவில்லை. மோட்டாரிலிருந்து நாற்றுவரை தண்ணீர் எப்படிப் போகிறது என்பதையே என் வரைபடத்தில் நான் போடவில்லை. 'ஒரு மனிதன் பார்த்துச் சொல்லட்டும்' என்றேனே, அந்த மனிதன் முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

என்ன வேண்டும் என்று அன்றுதான் அத்தாவிடம் முதன்முறையாகக் கேட்டேன். மூன்று கேட்டார்கள். மின்சாரம் வந்தால் வீட்டில் மணி அடிக்க வேண்டும். நடந்துபோகும் வழி தெரியக் கொட்டகை வாசலில் ஒரு விளக்கு எரிய வேண்டும். நீர் இறங்கினால் மோட்டார் தானே நிற்க வேண்டும். மோடத்தைக் கழற்றினேன். கொட்டகைக் கம்பியைத் தொலைபேசியிலிருந்து பிரித்து ஒரு சிறு மணியில் சேர்த்தேன். பலகை அப்படியே இருந்தது. நிரல் மட்டும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. வரப்பைக் கல் வைத்துக் கட்டிச் செப்பனிட்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான்.

இன்று கைப்பேசியில் அழைத்து மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. எங்கள் வயலிலும் என் தம்பி ஒன்றை வைத்திருக்கிறான். மடை திருப்ப அவனும் டார்ச்சுடன் போகிறான்.

அந்தப் பலகை ஒன்பது ஆண்டுகள் உழைத்தது. 2011இல் மேட்டூர் அணை ஜூன் 12க்கு முன்பே திறந்தது. குடமுருட்டியில் தண்ணீர் வந்த அன்று அத்தா மணியின் கம்பியைக் கழற்றி என் கையில் தந்தார்கள். "ஆத்துத் தண்ணி வருது. இது கொஞ்ச நாள் தூங்கட்டும்" என்றார்கள்.