கர்ப்பிணிக்கு வாங்கும் சமூசா



காரைதீவுச் சந்தியிலிருந்து மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை வரை அஸருக்குப் பின் தேநீர்க் கடைகளைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிகளில் ரோல்ஸ், பெட்டிஸ், சமூசா, மீன் பணிஸ் நிறைந்திருக்கும். வீட்டில் மசக்கைக்காரி இருந்தால் கணவர் ஒரு பொட்டலத்தோடுதான் வருவார். அந்த அன்பில் குறையில்லை. உண்ணும் முறையில்தான் கவனம் வேண்டும்.

சூரத்துல் பகராவின் 168ஆம் வசனத்தில் ஹலாலோடு 'தய்யிப்' என்ற சொல்லும் சேர்ந்தே வருகின்றது. தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள். இறைச்சி ஹலாலா என்று விசாரிக்கும் நாம், அது எத்தனை மணிக்குச் சமைத்தது என்று விசாரிக்கின்றோமா?

ஆபத்து மாவுத் தோலில் அல்ல, உள்ளே இருக்கும் மீன், கோழி, முட்டைக் கறியில்தான் அதிகம். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எனவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது என்கின்றது உலக சுகாதார நிறுவனம். நோன்பு காலத்தில் அஸருக்கு முன் பொரித்த சமூசாவைத் தராவீஹுக்குப் பின் உண்பவர்கள் கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

"சூடாக்கினால் சரிதானே?" என்பீர்கள். கைகளிலிருந்து உணவில் சேரும் சில கிருமிகள் கக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. லிஸ்டீரியா என்ற கிருமியோ குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். நன்கு சூடாக்கினால்தான் சாகும். அது தாய்க்கு இலேசான காய்ச்சலையே தரலாம், கருவையோ கலைத்துவிடலாம். உண்டு பல வாரங்கள் கழித்தும் நோய் வெளிப்படலாம். தென்னாபிரிக்காவில் 2017-2018இல் பொலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சியால் இந்நோய் 1,060 பேரைத் தாக்கி, 216 பேரைப் பலிகொண்டது. பாதிக்கப்பட்டோரில் பச்சிளங் குழந்தைகள் ஏராளம். சோசேஜ் பணிஸ் விரும்பும் சகோதரிகள் இதை மனதிற் கொள்க.

ஆகவே, எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறக்கியதையே வாங்கச் சொல்லுங்கள். பிளந்து பாருங்கள், உள்ளே ஆவி பறக்க வேண்டும். மிஞ்சியதை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் உட்பகுதி 70 பாகைக்கு மேல் கொதிக்கச் சூடாக்குங்கள். பச்சை முட்டை சேர்த்த மயோனைஸ் வேண்டாம். வீட்டில் செய்வதானால் கை கழுவுங்கள். கறியை மூடி வையுங்கள். பாத்திரங்களை மூடி வைக்குமாறு நம் நபி (ஸல்) அவர்களும் பணித்துள்ளார்கள்.

"எறிந்தால் வீண்விரயமாகாதா?" என்று உம்மாமார் கேட்கக்கூடும். தேவைக்கு மேல் வாங்குவதே வீண்விரயம். தீங்கு தருவதை எறிவது வீண்விரயமாகாது. மாமி அன்போடு தந்தாலும், பழையதைப் பணிவோடு மறுக்க மருமகளுக்கு உரிமையுண்டு.

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டால், பனடோலோடு நின்றுவிடாமல் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ உடனே சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் தாயையும் சேயையும் காத்தருள்வானாக! ஆமீன்.