டீக்கடை பெஞ்சும் கைபேசித் திரையும்



சுவர் இதழுக்கு ஏதாவது எழுது என்று தமிழ் ஐயா சொன்னார். நான் செய்த ஒரு தப்பையே எழுதலாம் என்று தோன்றியது. சம்பந்தப்பட்ட மாமாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம் எம்.ரெட்டியபட்டி வானம் பார்த்த பூமி. அதனாலோ என்னவோ, எங்கள் தெருமுக்கு டீக்கடையில் காலைப் பேச்சு மழையில் தொடங்கும். அப்புறம் கண்மாயில் இறங்கும். கடைசியில் கட்சியில் வந்து நிற்கும். ஒரே தினத்தந்தியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். சில ஊர்க் கடைகளில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் கடையில் அப்படி எழுதினால் பாதி டீ விற்காது!

அப்பா ஒரு கட்சி. அவருடைய சேக்காளி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், எதிர்க்கட்சி. (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சுவர் இதழில் இடம் கிடையாது.)

"மடையச் சரிபண்ணத் துப்பில்ல, ஒங்க ஆளு டெல்லிக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போறாரு?" என்பார் மாமா.

"போடா மாப்ள, ஒனக்கு என்ன தெரியும்?" என்பார் அப்பா.

சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். கடைக்காரர், "டீ ஆறுதுப்பா, குடிச்சிட்டுச் சண்ட போடுங்க" என்பார். குடித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் அருப்புக்கோட்டைக்கு உரம் வாங்கப் போய்விடுவார்கள். பல வருடமாக இப்படித்தான் நடந்தது.

2024 ஜூன் 4. நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. நான் ஒன்பதாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்தேன். நம் மாவட்டத்தில் விருதுநகர் தொகுதி முன்னிலை மாறி மாறி வந்தது. கடைசியில் வித்தியாசம் 4,379 ஓட்டுதான். டிவியை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேர். சிங்கப்பூர், திருப்பூரில் இருக்கிற நம் ஊர்க்காரர்களும் உண்டு. அன்று எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். போன் என் கையில். மாமா ஏதோ நக்கலாக எழுதியிருந்தார். நான் அப்பா பெயரில் பதில் போட்டேன். உடனே பத்துப் பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். எனக்குக் குஷி ஏறிவிட்டது. இன்னொன்று, இன்னொன்று என்று போனேன். கடைசியில் அரசியலே இல்லாமல், மாமா வீட்டு விஷயம் ஒன்றை, வீட்டில் அப்பா அம்மா பேசும்போது காதில் விழுந்ததை, எழுதிவிட்டேன்.

அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அதே தப்பை இரண்டாவது தடவை செய்ததாகிவிடும்.

ஒரு நிமிடம் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. எனக்குப் பயம் வந்து அழித்தேன். அதற்குள் பலர் பார்த்திருந்தார்கள். மாமா குழுவை விட்டு வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. மறுநாளிலிருந்து டீக்கடைக்கும் வரவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. "பெஞ்சுல எதுக்க உக்காந்திருந்தா இத அவன்கிட்ட சொல்லியிருப்பியா?" என்று மட்டும் கேட்டார். சொல்லியிருக்க மாட்டேன். பாதி சொல்லும்போதே மாமா முகம் மாறுவதைப் பார்த்து வாயை மூடியிருப்பேன். திரையில் அந்த முகம் இல்லை. சிரிக்கிற பத்துப் பேர்தான் இருந்தார்கள். நான் மாமாவிடம் பேசவே இல்லை, அந்தப் பத்துப் பேருக்காகத்தான் எழுதினேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்கப்பன் எழுதலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அவன் பேச்சு எனக்குத் தெரியாதா? ஆனா படிச்ச அறுவது பேருக்குத் தெரியாதுல்ல" என்றார்.

குழுவிலும் மன்னிப்புப் போடவா என்று கேட்டேன். "வேணாம்யா. மறுபடியும் அதையேதான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்னது டீயோடு போய்விடும். எழுதியது யார் யார் போனில் இருக்கிறதோ!

இதனால் வாட்ஸ்அப்பே கெட்டது என்று சொல்ல வரவில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் அத்தனை பேர் கூடியது போன் வழியாகத்தான். ஆனால் கூடியபின் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் அக்கா இன்னொன்று சொல்வாள்: "டீக்கடை பெஞ்சுல எந்தப் பொம்பள உக்காந்து அரசியல் பேசிருக்கா? எனக்கு வாட்ஸ்அப்லதான் பேச முடியுது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. கிராமசபைக் கூட்டத்துக்கு அவளும் போகலாம், எழுந்து நின்று கேட்கலாம். ஆனால் அது வருடத்துக்கு ஆறு நாள்தான்.

கெட்டதும் சின்னதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அந்த வருடம்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அனுப்பியவர்களில் ஒருவராவது அந்தப் பாட்டி முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்?

நண்பர்களே, நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எதையாவது அனுப்புவதற்கு முன், அவர் எதிர்ப் பெஞ்சில் டம்ளரோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். சொல்ல வாய் வந்தால் அனுப்புவேன். வராவிட்டால் அழித்துவிடுவேன். நீங்களும் செய்து பாருங்கள்.

மாமா இப்போது டீக்கடைக்கு வருகிறார். அப்பா பக்கத்தில்தான் உட்காருகிறார். ஆனால் ரொம்ப நாளாகப் பேச்சு மழையோடு நின்றுவிடும். போன வாரம் மாமா, "கண்மாய் மடை இன்னும் சரியாகல போல" என்றார். "ஆமா மாப்ள" என்றார் அப்பா.

கண்மாய் வரை வந்துவிட்டார்கள். கட்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

— பதினோராம் வகுப்பு மாணவன்