1895 என்ற முத்திரை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரின் ஈபோர் சிட்டிப் பகுதியில், கடிகாரக் கோபுரம் வைத்த மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஜே.சி. நியூமன் சுருட்டுக் கம்பெனியின் தொழிற்சாலை அது. 1895 முதல் ஒரே குடும்பத்தின் கையில் நான்கு தலைமுறையாக நடக்கும் கம்பெனி என்பது அவர்களின் பெருமை. அந்நாட்டில் இன்னும் உயிரோடிருக்கும் குடும்பச் சுருட்டுக் கம்பெனிகளில் மூத்தவர்கள் தாங்களே என்கிறார்கள். அந்த ஆண்டில் தொடங்கியது எது, அதில் இன்றுவரை வந்து சேர்ந்தது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். பார்த்தவரையில் எனக்குப் பட்டது இது: குடும்பம் பழையது, உண்மை. ஆனால் “பழைய குடும்பக் கம்பெனி” என்ற அடையாளம் மிகப் பிந்தையது. கிட்டத்தட்ட 1990களில் உருவானது.

தொடக்கக் கதையில் பெரிய சர்ச்சை இல்லை. ஜூலியஸ் நியூமன் ஹங்கேரியிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்துக்கு வந்தவர். மாதம் 3 டாலர் கொடுத்து மகனைச் சுருட்டுத் தொழில் கற்க அனுப்பினார் தாய். வேலை கிடைக்காத மந்த காலத்தில், வீட்டுப் பின்புறக் கொட்டகையில் இரவல் மேசை போட்டு அவர் சுருட்டு சுற்றத் தொடங்கினார். முதல் ஆர்டர் 500 சுருட்டுகள், கொடுத்தவர் வீட்டுக்கு வழக்கமாகச் சாமான் போடும் மளிகைக்காரர். இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்தவர் ஜூலியஸின் மகன் ஸ்டான்ஃபோர்ட். ஆனால் ஸ்டான்ஃபோர்ட் பிறந்தது 1916-இல், அவருடைய நினைவு நூல் வெளிவந்தது 1999-இல். கொட்டகையை அவர் பார்த்திருக்க முடியாது, கேட்டதைத்தான் எழுதினார். கதை பொய் என்று நான் சொல்லவில்லை. நூறு ஆண்டு கழித்து அது ஏன் அச்சேறியது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு இடையில் கம்பெனி போன வழியைப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளிகிறது. 1927-இல் நியூமன் இன்னொரு தயாரிப்பாளரான மெண்டல்சோனோடு சேர்ந்துகொண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் கம்பெனியின் பெயர் ‘எம் அண்ட் என்’. நிறுவனரின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிப் போய்விட்டது. அதுவும் இரண்டாவது எழுத்து. முழுப் பெயர் திரும்ப வந்தது 1990களில்தான். 1954-இல் கிளீவ்லாந்தை விட்டு டாம்பாவுக்கு வந்தார்கள். அங்கே குடியேறிய கட்டடம் 1910-இல் ரெகன்ஸ்பர்க் குடும்பம் கட்டியது. அந்தக் கம்பெனியின் பெயரே ‘ஈ. ரெகன்ஸ்பர்க் அண்ட் சன்ஸ்’. பெயரிலேயே மகன்களை வைத்திருந்த கம்பெனியின் இடத்தில் இன்று வேறொரு தந்தையின் மகன்கள் இருக்கிறார்கள். 1958-இல், ஜூலியஸ் இறந்த அதே ஆண்டில், கூஸ்டா-ரே என்ற பிராண்டை விலைக்கு வாங்கினார்கள். அது 1884-இல் ஆங்ஹெல் கூஸ்டா தொடங்கியது. நியூமன் கம்பெனியைவிட 11 வயது மூத்தது. கியூபா இலைக்குப் பேர்போன அந்தப் பிராண்டுக்கு நான்கே ஆண்டில் இலை நின்றுபோனது: 1962-இல் கென்னடி அரசு கியூபாவோடு வணிகத்தைத் தடை செய்தது. ஸ்டான்ஃபோர்ட், மேலே சுற்றும் இலைக்கு ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போனார். ஆக ஊர் மாறியது, கட்டடம் மாறியது, இலை மாறியது, பேர்போன பிராண்டோ கடையில் வாங்கியது.

எந்தப் பழைய கம்பெனிதான் மாறாமல் இருக்கிறது, உரிமை தொடர்ந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உரிமையையே பார்ப்போம். 1986-இல் ஸ்டான்ஃபோர்ட் தன் அண்ணன் மில்லார்டு உள்ளிட்ட உறவினர்களின் பங்குகளை விலை கொடுத்து வாங்கினார். குடும்பச் சொத்தைக் குடும்பத்தாரிடமிருந்தே வாங்கித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் கார்லோஸ் ஃபுவெந்தேயோடு ஓர் ஏற்பாடு. அவருடைய தந்தை அர்துரோ 1912-இல் டாம்பாவில் தொடங்கிய கம்பெனி 1980-இல் டொமினிகன் குடியரசுக்கு இடம் மாறியிருந்தது. நியூமன்களின் கைச்சுருட்டை ஃபுவெந்தே அங்கே செய்வார்; ஃபுவெந்தேயின் இயந்திரச் சுருட்டை நியூமன்கள் டாம்பாவில் செய்வார்கள். ஒரு குடும்பத்தின் பெயரில் விற்கும் உயர்ரகச் சுருட்டை இன்னொரு குடும்பத்தின் ஆட்கள் சுற்றினார்கள் என்பது விளம்பரத்தில் பெரிதாக வராத செய்தி. டாம்பாவில் ஓடியவை 1930களின் பழைய இயந்திரங்கள். தொழிலாளி ஒருவர் இலையைத் துளையிட்ட உலோகத் தகட்டில் விரிக்க, கீழிருந்து காற்று உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கத்தி வந்து வடிவம் வெட்டும். விரிக்கும்போது நரம்பு கோணினால் சுருட்டு கெட்டது. அந்தக் கைப்பக்குவம் தொழிலாளிக்குச் சொந்தம்; குடும்ப மரத்தில் அதற்குக் கிளை இல்லை.

அப்படியானால் 1895 முன்னுக்கு வந்தது எப்போது? அமெரிக்காவில் 1992-இல் ‘சிகார் அஃபிசியனாடோ’ இதழ் தொடங்கி, உயர்ரகச் சுருட்டு பெரும் மோகமாக மாறிய காலத்தில். 1995-இல் நூற்றாண்டை ஒட்டி ‘டைமண்ட் கிரவுன்’ என்ற புதுச் சுருட்டு வந்தது, பிறகு பழைய பெயர் திரும்பியது, அப்புறம் ‘சிகார் ஃபேமிலி’ என்று அந்த நினைவு நூல். ஐந்து காசுச் சுருட்டு விற்ற காலத்தில் வாங்குபவர் கேட்டது விலையை. தாத்தாவை யாரும் கேட்கவில்லை. விலை ஏறியபோதுதான் தாத்தா தேவைப்பட்டார்.

இது வெறும் வயிற்றெரிச்சல் என்று சொல்பவர்களுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நியூமன்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ கிடங்காகவோ ஆகியிருக்கும். ஒருகாலத்தில் சுருட்டு ஆலைகளால் நிறைந்திருந்த டாம்பாவில் இன்னும் ஓடும் பழைய ஆலை அது ஒன்றுதான். பிடிவாதமாக விற்காமல் இருந்தது அந்தக் குடும்பத்தின் சொந்தச் சாதனை. அதில் பங்கு கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஈபோர் சிட்டியின் கதை அவர்களுடையது அல்ல. 1880களில் விசென்தே மார்த்தினெஸ் ஈபோர் அங்கே ஆலை வைத்ததும், சுற்றும் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சம்பளம் கொடுத்து, நாளிதழும் நாவலும் உரக்கப் படிக்க ஆள் வைத்துக்கொண்டதும், 1931-இல் முதலாளிகள் அந்த வாசிப்பை நிறுத்தியதும் நியூமன்கள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. கடிகாரக் கோபுரத்தைக் காட்டி 1895 என்று சொல்லும்போது இவையும் சேர்ந்து ஒரே குடும்பக் கணக்கில் ஏறிவிடுகின்றன. ஆகவே பெட்டியின் மேல் 1895 இருக்கட்டும். பக்கத்தில் 1884, 1910, 1986 ஆகிய மூன்றையும் அச்சிட்டால் கணக்கு நேராகும்.