பாலின் அளவும் செறிவும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனன்குடா, விமானத்தளத்தாலும் எண்ணெய்க் குதங்களாலும் பெயர் பெற்றது. அதற்குத் தெற்கே, குடாவின் மறுபுறத்தேயுள்ள கிண்ணியாவோ எருமைத் தயிராற் பெயர் பெற்றது. சட்டியைச் சரித்தாலும் தளும்பாத அத்தயிரின் இறுக்கத்துக்கு உறையூற்றுவோரின் கைப்பக்குவம் ஒரு காரணம்; விலங்கின் பரம்பரை மற்றொரு காரணம்.

பசும்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்காகும். எருமைப்பாலிலும் செம்மறிப்பாலிலும் அது 7 பங்கை அண்மிக்கும். கேசீன் என்னும் புரதமும் இவ்விரண்டிலும் மிகுதி. பால் புளிக்கும்போது கேசீன் வலையாகப் பின்னி, நீரையும் கொழுப்பையும் தன்னுள்ளே பிடித்துக்கொள்கிறது. இழை மிகுந்தால் வலை இறுகும் என்பது வெளிப்படை.

இச்செறிவைப் பரம்பரை எவ்வாறு ஆள்கின்றது? 2002ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொழுப்பை ஆக்கும் நொதியமொன்றுக்குரிய பரம்பரையலகைப் பசுவின் 14ஆம் நிறமூர்த்தத்திலே இனங்கண்டனர். அந்நொதியத்தின் 232ஆம் இடத்தில் இலைசீன் அமைந்தால் பாலிற் கொழுப்பு கூடும், பாலின் அளவு குறையும். அலனீன் அமைந்தால் இதற்கு மாறாக நிகழும். இந்திய எருமையினங்களை ஆராய்ந்தபோது அவற்றில் இலைசீன் வடிவமே காணப்பட்டது. ஓர் அமினோ அமிலத்தின் மாற்றம் ஒரு கையாற் கொடுத்து மறுகையால் எடுக்கின்றது.

இவ்வுண்மையைச் செம்மறி வளர்ப்போர் அனுபவத்தாலும் உணர்ந்தனர். பிரான்சிலே உரோக்ஃபோர் பாற்கட்டிக்குப் பால் தருவது லக்கோன் செம்மறி. தொடக்கத்திற் பாலின் அளவையே நோக்கி அதன் தெரிவு நடைபெற்றது. அளவுக்கும் செறிவுக்கும் எதிரிடையான தொடர்பு உண்டாதலின், பின்னர் கொழுப்பும் புரதமும் தெரிவின் அளவுகோலிற் சேர்க்கப்பட்டன. பாற்கட்டியின் விளைவு நீரால் அன்று, திண்மத்தாலேயே தீர்மானிக்கப்படுகிறது அல்லவா?

இலங்கையின் நாட்டெருமைகளோடு முறா, நீலி-ராவி முதலிய இனங்கள் கலக்கப்பட்டு வந்துள்ளன. கறவையை உயர்த்தும் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் மேற்கூறிய ஒரு பரம்பரையலகு எருமைகளிடையே வேறுபடாததால், அதனைக் கொண்டு சிறந்த கடாவைத் தெரிதல் இயலாது. எஞ்சிய வேறுபாடு சிறு விளைவுடைய பல பரம்பரையலகுகளிலும் தீனியிலும் தங்கியுள்ளது. ஆகவே பட்டியிலுள்ள எருமை ஒவ்வொன்றினதும் பாலைக் கறந்து லீற்றரில் அளப்பதோடு, கொழுப்பையும் புரதத்தையும் அளந்து பதிதல் வேண்டும். லீற்றர் மட்டுமே பதியப்படுமாயின், அடுத்த தலைமுறையிற் குடம் நிறையலாம். தயிர்ச்சட்டி தளும்பத் தொடங்கிவிடும்.